பூனை ஏன் அவசரப்பட்டது?

குதிரைக்குப் பூனை என்று பேர் வைத்த வீட்டில் எதுதான் நேராக நடக்கும்? தடையைத் தாண்டி இறங்கும்போது காலடிச் சத்தமே கேட்பதில்லை என்று மாஸ்டரம்மா ஆசையாக வைத்த பேர் அது. போன ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அந்தப் பூனை நல்ல சத்தத்தோடு இறங்கியது.

ஆறாவது தடை. பூனை ஓர் எட்டு முன்னாலேயே எகிறி, முன்னங்கால் கட்டையில் மோதி, முதுகில் இருந்த தம்பியை மண்ணில் உருட்டிவிட்டது. குதிரைக்கு முழங்காலில் சிராய்ப்பு. தம்பிக்குத் தோளெலும்பில் முறிவு. வாராவாரம் இந்த வீட்டுக் கதை கேட்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கும் இது போதும்.

ஓர் எட்டு முன்னால் எகிறியது என்பதில் வீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. எதனால் எகிறியது என்பதில்தான் அடிதடி. கடைசி நேரத்தில் பயந்துபோய் லகானை இழுத்தான், குதிரை குழம்பிவிட்டது என்றாள் அக்கா. அவள்தான் அந்த லாயத்தின் பயிற்சியாளர், எல்லோருக்கும் மாஸ்டரம்மா. நான் கையை அசைக்கவே இல்லை, அந்தச் சனியன் கண் மண் தெரியாமல் தானாக எகிறியது என்றான் தம்பி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அக்கா கீழே இருந்து சொன்னாள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று தம்பி மாடியிலிருந்து பதில் அனுப்பினான். பழமொழி தீர்ந்துபோன பிறகு பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

வீடு லாயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. கீழே மாஸ்டரம்மா, மாடியில் தம்பியும் அவன் மனைவியும். சமையலறை மட்டும் ஒன்று. அதுதான் வினை. ஒரு வாரமாக அங்கே இரண்டு பால் பாத்திரம், இரண்டு சர்க்கரை டப்பா. தம்பி மனைவி தன் பக்கத்துத் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாஸ்டரம்மாவின் டம்ளரைத் தொட்டியிலேயே விட்டுவைத்தாள். மாஸ்டரம்மாவும் லேசுப்பட்டவளா? மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை, அவர்கள் குளிக்கும் நேரம் பார்த்து நிறுத்திவைத்தாள்.

இன்றைக்குக் காலையில் சமையலறைத் தரை ஈரமாகக் கிடந்தது. தம்பி மனைவி கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டப் போனாள். மாஸ்டரம்மா ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் நாக்கு மேலண்ணத்தில் பட்டு, ‘டொக்’ என்றது.

இது அவளுக்கு ஆயுள்காலப் பழக்கம். யாராவது எதையாவது தாண்டப் போனால் அவள் நாக்குக்குப் பொறுக்காது. சாக்கடையைத் தாண்டும் போஸ்ட்மேன், டிவியில் ஓடும் பெண், மதில் ஏறும் நாய், எல்லோருக்கும் ஒரு ‘டொக்’. குதிரையை நடக்கவைக்க மற்றவர்கள் போடும் மெல்லிய ‘ச்ச்’ இல்லை இது. அடிநாக்கிலிருந்து வரும் கனத்த சத்தம். போடுவது அவளுக்கே தெரியாது. யாராவது சொன்னால், நான் எங்கே போட்டேன் என்று சண்டைக்கு வருவாள். கல்யாணமாகி வந்த புதிதில் தம்பி மனைவி இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதெல்லாம் சிரித்த காலம்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அப்படியே நின்று, திரும்பி, மாஸ்டரம்மாவின் வாயையே பார்த்தாள். கையில் இருந்த பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது.

“என்ன முறைக்கிற?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

ஒரு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ‘அண்ணி’. கொழுப்பைப் பார், குத்திக்காட்டுகிறாள் என்றுதான் மாஸ்டரம்மா நினைத்தாள். காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு லாயத்துக்குப் போனாள்.

அவளுக்கு இன்றைக்கு வேறு கவலை இருந்தது. மதியம் மில்காரர் வருகிறார். லாயமும் அவருடையது, பூனையும் அவருடையது. எண்ணெய் மில்லில் சம்பாதித்ததைக் குதிரையில் விடுகிற மனிதர். ஆனால் ஏமாளி இல்லை. விழுந்த அன்று சாயங்காலமே அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். வேறு ஆளை வைத்து ஓட்டிப் பார்ப்பேன். குதிரை மேல் தப்பு என்றால் குதிரை சந்தைக்குப் போகட்டும். ஓட்டினவன் மேல் தப்பு என்றால் அவன் போகட்டும். எப்படியும் யாராவது ஒருவர் ஓட்டிப் பார்க்கிற அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் லாயத்தை விட்டுப் போயாக வேண்டும். தப்பை வைத்துக்கொண்டு சோறு போடும் வழக்கம் தனக்கு இல்லை என்றார்.

பூனை சந்தைக்குப் போவதா? மாஸ்டரம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகவில்லை. பிறந்த அன்றே தாய் உதைத்துத் தள்ளிய குட்டி அது. புட்டிப் பால் கொடுத்து, வைக்கோலில் கூடப் படுத்து, முற்றத்தில் கயிறு கட்டித் தாண்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். தம்பிக்கு என்ன, வேறு லாயம் கிடைக்கும். ஒரு குதிரையை விட்டால் இன்னொரு குதிரை. அப்படித்தான் அவள் ஒரு வாரமாகத் தன் மனசுக்குச் சொல்லிவந்தாள். கூடப் பிறந்தவனை அனுப்ப மனசு வரவேண்டுமானால், அவன் மேல் தப்பு இருந்தே ஆகவேண்டும் இல்லையா?

மில்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூட ஒரு வாடகைச் சவாரிக்காரர். கேட்டதற்கு மட்டும், அதுவும் பாதிதான் பதில் சொல்வார் என்பதால் அவருக்குக் கல்லுளி என்று பேர். பந்தயத்தில் இருந்த ஆறாவது தடையைப் போலவே ஒன்றை மைதானத்தின் அந்தக் கோடியில் கட்டிவைத்திருந்தார்கள். மில்காரர் இந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாஸ்டரம்மா வழக்கம்போலத் தடைப் பக்கம் போய் நிற்கக் கிளம்பினாள். அவர் விடவில்லை. பக்கத்தில் உட்காருங்கம்மா, நடப்பதை எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

தம்பி கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தூளியில் மாட்டிக்கொண்டு வேலியோரம் நின்றான். அவன் மனைவி அவன் பக்கத்தில் இல்லை. மைதானத்தின் நடுவில் வெயிலில் தனியாக நின்று, குதிரையைப் பார்க்காமல் மாஸ்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லுளி பூனையை ஓட்டினார். மில்காரர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, மாஸ்டரம்மா வாய் ஓயாமல் பதில் சொன்னாள். எட்டு எப்படி வைக்கிறது, காது ஏன் முன்னால் நிமிர்கிறது, எங்கே எகிறவேண்டும் என்று. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பூனை தடையைத் தாண்டி மறுபுறம் இறங்கிவிட்டது. கட்டை ஆடக்கூட இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வேகத்தைக் கூட்டி ஓட்டச் சொன்னார். அதுவும் வெண்ணெயில் கத்தி இறங்கினது போல முடிந்தது.

கல்லுளி இறங்கி வந்தார். என்னய்யா சொல்கிறீர் என்று மில்காரர் கேட்டார்.

“குதிரை சுத்தம்,” என்றார் கல்லுளி. அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை.

மாஸ்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தால் வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கவேண்டும். அது அவளுக்கு வராது. வேலியோரம் போய், கல்லுளி, லாயத்து ஆட்கள், மில்காரர் எல்லோர் காதிலும் விழும்படி தம்பியிடம் சொன்னாள்.

“பேச முடியாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு ஒரு வாரமா சோறு தின்னியே, உனக்கு எப்படிடா தொண்டையில எறங்குச்சு?”

தம்பி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, சேணத்தை எடுத்து வைக்கிறேன் என்று மில்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். ஒற்றைக் கையால் எப்படித் தூக்குவான் என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. தூக்கட்டும் என்று அடுத்த கணமே தோன்றியது.

பூனையைக் கொட்டிலில் கட்டி, அவளே உடம்பு தேய்த்துவிட்டாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. கழுத்தைத் தட்டி, பொழைச்சிட்டோம் கண்ணு என்று கொஞ்சிக்கொண்டிருந்தபோது, கதவுப் பக்கம் நிழல் விழுந்தது. தம்பி மனைவி.

அவளுக்குக் குதிரை என்றால் பயம். ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாளே தவிர, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கொட்டில் பக்கம் வந்ததில்லை. இப்போது வந்து, கதவுக்கு வெளியே எட்டியே நின்று, வாயைத் திறந்து, கஷ்டப்பட்டு நாக்கை மடக்கி, ஒரு சத்தம் போட்டாள்.

டொக்.

பூனை காதை நிமிர்த்தியது. பின்னங்கால்கள் வயிற்றுக்குக் கீழே சுருங்கின. முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, கட்டின கயிறு இழுக்க, திரும்பத் தொப்பென்று இறங்கின. மாஸ்டரம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை ஆறாவது தடைகிட்ட யாரு நின்னா அண்ணி? நீங்களும் நானும். வேலிக்கு இந்தப் பக்கம், எப்பவும் நிக்கிற எடத்தை விட்டுப் பத்தடி முன்னால. எனக்குப் பக்கத்துல ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குப் பழகின சத்தம், அதான் அன்னிக்குக் காதுல ஏறல. இன்னிக்குக் காலைல வெந்நீரோட நிக்கிறப்பதான் ஏறுச்சு. மத்தியானம் நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க, சத்தம் வரல, குதிரை ஒழுங்கா தாண்டுச்சு.”

உளறாதே என்றாள் மாஸ்டரம்மா. நான் அங்கே வாயைத் திறக்கவே இல்லை என்றாள். நீங்கள் என்றைக்குத் திறந்ததாக ஒப்புக்கொண்டீர்கள் என்றாள் தம்பி மனைவி. மில்காரரிடம் போய் நானே சொன்னாலும், பெண்டாட்டி புருஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார். சொல்லவேண்டியது நீங்கள்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொட்டிலில் குதிரையும் அவளும் மட்டும். மாஸ்டரம்மா வேண்டுமென்றே, மெதுவாக, நாக்கை மேலே ஒட்டி எடுத்தாள். பூனையின் பின்னங்கால்கள் சுருங்கின.

குட்டியாக இருந்தபோது கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, எகிறவேண்டிய இடத்தில் அவள் போட்ட சத்தம் அது. பிறகு கயிறு போய்க் கட்டை வந்தது. சத்தம் போடுவதை அவள் நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். நிறுத்தவில்லை. தினமும் தடைக்கு நேரே, சரியான இடத்தில் நின்று, சரியான நேரத்தில் நாக்கு தானாகப் போட்டுக்கொண்டே இருந்தது. பந்தயத்தில் வேலி அவளைக் குதிரை வரும் பக்கமாகப் பத்தடி தள்ளி நிறுத்தியது. அங்கிருந்து பார்த்தால் குதிரை தடையை நெருங்கிவிட்டது போலத் தெரியும். நாக்கு ஓர் எட்டு முன்னால் அடித்துவிட்டது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை, அவள் சொன்ன இடத்தில் எகிறிவிட்டது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? தம்பி போய்விடுவான். பூனை இருக்கும், அவள் இருப்பாள். சொன்னால் பூனை இருக்கும், தம்பி இருப்பான். அவள் போகவேண்டும்.

சேணம் மாட்டும் அறையில் தம்பி ஒற்றைக் கையால் தோல்வாரை முடிந்துகொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று கேட்டாள்.

“அன்னிக்கு உனக்குச் சத்தம் கேட்டுதா?”

அவன் நிமிரவில்லை. “கேட்டுது.”

அவள் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகிவிட்டது. அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயில்லாத குதிரை மேல் பழி போட்டிருக்கிறான், நான்தான் பாவி என்று நினைத்தாள். அதை அவனிடம் கேட்டும்விட்டாள். தம்பி சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

“உன்னைக் காப்பாத்தவா? உன்னைச் சொன்னா நீ ஊரைக் கூட்டி வாதாடுவ. பூனையைச் சொன்னாத்தான் உனக்கு வலிக்கும். ஒரு வாரமா வலிச்சுதில்ல?”

எத்தனை வருஷத்து ஆத்திரம் அது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஜெயித்த நாளெல்லாம் பூனை ஜெயித்தது என்றவள், தோற்ற நாளெல்லாம் நீ தோற்றாய் என்றவள் அவள்தான். எலும்பு முறிந்து மண்ணில் கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு குதிரையின் காலைப் பார்க்க ஓடினவளும் அவள்தான். அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான்.

மாஸ்டரம்மா திரும்பி நடந்தாள். முற்றத்தில் மில்காரர் காரில் ஏறப் போனவர், அவளைப் பார்த்துவிட்டு நின்றார். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை. தப்பு குதிரை மேலும் இல்லை, ஓட்டினவன் மேலும் இல்லை, என் நாக்கு மேல் என்று சொல்லிவிட்டாள். கயிறு கட்டின காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பமுடியாத கதையாகத்தான் இருந்தது.

மில்காரர் முழுசாகக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார். தம்பி பாசம் இவ்வளவு சீக்கிரம் முளைக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்றார். மத்தியானம் எல்லோர் முன்னாலும் அவனைக் கிழித்தீர்கள், இப்போது நாக்கு என்கிறீர்கள், எதை நம்புவது? தன்னை முட்டாளாக்கவேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அப்போது தம்பி சேணத்தை நல்ல தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவனையே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, உங்க அக்கா ஏதோ சத்தம் போட்டாங்களாமே. கேட்டுதா உனக்கு?”

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு சொல் போதும், அவன் வேலை அவனுக்கு. அவள் கண்ணாலேயே சொல்லுடா என்றாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க,” என்றான் தம்பி. “லகானை இழுத்தது நான்தான்.”

மில்காரர் தலையாட்டிவிட்டுக் கார் பக்கம் திரும்பினார். தம்பி அவளைக் கடந்து போகும்போது நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“பூனையை நீயே வெச்சுக்க. இனிமே அது தாவுறப்பல்லாம் என் ஞாபகம் வரும் உனக்கு.”

அவளை அடிப்பதற்கு இதைவிட நல்ல தடி அவனுக்குக் கிடைத்திருக்காது. வேலையைத் தூக்கி எறிந்து அடிக்கிறான். திருப்பி அடிக்கவும் முடியாது, நன்றி சொல்லவும் முடியாது.

கொட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி பூனையை வெளியே கூட்டிவந்தாள். தலைக்கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்திருந்தாள். புருஷன் வாயசைவைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கவேண்டும். இவர்கள் ரோஷத்துக்கு என் வீட்டு அடுப்பா அணையவேண்டும் என்கிற கோபம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஐயா, கொஞ்சம் இங்கே பாருங்கள் என்றாள். ஏய், உள்ளே கொண்டு போ அதை என்று தம்பி அதட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

டொக்.

வெறும் தரை. எதிரில் கட்டையும் இல்லை, கயிறும் இல்லை. பூனை காதை நிமிர்த்தி, உடம்பைச் சுருட்டி, இல்லாத தடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கியது. காலடிச் சத்தமே கேட்கவில்லை.

மில்காரர் திறந்த கார்க் கதவை மூடினார். மெதுவாக நடந்து திரும்பி வந்தார். மாஸ்டரம்மாவைத் தாண்டி, குதிரையைத் தாண்டி, தோளில் சேணத்தோடு நின்ற தம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

“இப்பவாவது கேட்டுதா?” என்றார்.